பின்னறைத் தரை

வீட்டை வாங்குவதா, வாடகைக்கே இருந்துவிடுவதா என்று புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை மூன்று வாரமாக ஓயவில்லை. சமைக்கும்போது ஒரு சுற்று, துணி மடிக்கும்போது ஒரு சுற்று, விளக்கை அணைத்த பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சுற்று. வியாழக்கிழமை காலையில்தான் அவர் இறங்கி வந்தார். இறங்கி வந்தார் என்பதைவிட, களைத்துப்போனார் என்பதே நியாயம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அடுத்தவர் கட்டடங்களில் மேலும் கீழுமாகப் போய் வருகிறவர். அவளுக்குப் பல் செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சில் கல்லாக இறுகும் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, ஈறு நிறத்தில் வார்த்துக் கொடுப்பாள். தெருவில் அவளுக்குப் பல்லம்மா என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. வடக்கே பார்த்த பெரிய ஜன்னல். பல்லின் நிறத்தைப் பொருத்த அந்த வெளிச்சத்தை விட்டால் வேறு கிடையாது. வெயில் விழுந்தால் மஞ்சள் வெள்ளையாகத் தெரியும், விளக்கு போட்டால் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். இதற்கு முன்னால் இரண்டு வீடுகளில் பட்டறை போட்டு, இரண்டு தடவையும் வீட்டை விற்கிறோம் என்று சொல்லிக் கிளப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை ஆறு வாரம் வேலை இல்லாமல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அதற்குள் இரண்டு டாக்டர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவை அப்படி ஒன்று நடந்தால் தொழிலையே விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். சும்மா மிரட்டுவதற்காகச் சொன்னதில்லை.

"வாடகைன்னா குழாய் உடைஞ்சா வீட்டுக்காரருக்கு ஒரு போன். பிடிக்கலைன்னா ஒரு மாச நோட்டீஸ். கிளம்பிப் போய்க்கிட்டே இருக்கலாம்" என்பது அவர் கட்சி. "சொந்த வீடுன்னா அந்தக் குழாய் நம்ம தலையிலதான் உடையும்."

"உடையட்டும். என் தலை, என் குழாய்" என்பாள் பல்லம்மா.

வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்கிறார். முதல் வார்த்தை குடியிருப்பவர்களுக்குத்தான் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு கெடுவும் வைத்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இன்னொருவர் முன்பணத்தோடு வருகிறார். அதற்குள் பாங்கு சரி என்றால் வீடு இவர்களுக்கு. பாங்கு கடன் தரத் தயார், ஆனால் அவர்கள் அனுப்பும் இன்ஜினியர் வீட்டைப் பார்த்துச் சரி என்று எழுத வேண்டும். அந்த இன்ஜினியர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டியபோது, வீட்டுக்காரரும் கைப்பையோடு கூடவே வந்திருந்தார்.

இன்ஜினியர் சின்ன வயசுப் பெண். தோளில் ஒரு பை, கையில் டார்ச், மட்டம் பார்க்கிற குமிழி ரசமட்டம். சிரிப்பு கிடையாது. சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வடிகிற வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தார். முன்னறை நன்றாக இருக்கிறது. சமையலறை நன்றாக இருக்கிறது. பல்லம்மா பின்னாலேயே போனாள். ஒவ்வொரு தடவை பேனா காகிதத்தில் 'டிக்' போடும்போதும் மூச்சை விட்டாள். லிஃப்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பின்னறைக்குப் போவதற்கு முன்னால் இன்ஜினியர் நின்று, படிவத்தைப் புரட்டினார். "குடியிருக்கிறவங்க எழுத்துமூலமா ஏதாவது புகார் குடுத்திருக்காங்களா?"

வீட்டுக்காரர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷம் நூலகத்தில் இருந்தவரிடம் அதை எதிர்பார்க்க முடியுமா? "இருக்கு" என்றார். கைப்பையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். "மொத்தம் பதினொண்ணு. தேதிவாரியா இருக்கு."

லிஃப்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தக் கடிதங்களின் கதை இதுதான். வருஷா வருஷம் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவதைப் பற்றி லேசாக வாயெடுப்பார். அந்த வாரமே லிஃப்டுக்காரர் மணிமணியான கையெழுத்தில் ஒரு புகார் எழுதி அனுப்புவார். வாடகைப் பேச்சு அடங்கிவிடும். முதல் வருஷம் உண்மையிலேயே ஒரு கதவு பிடித்துக்கொண்டது. இரண்டாவது வருஷத்திலிருந்து கற்பனைதான். கூரை ஒழுகுகிறது என்று சுவரில் தேநீரைத் தெளித்து, காய்ந்த பிறகு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். படம் எடுத்தது பல்லம்மா. தேநீரும் அவள் போட்டதுதான். வாடகை ஏறாமல் பதினொரு வருஷம் ஓட்டிய கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்ததுண்டு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது இப்போதுதான் தெரிகிறது.

இன்ஜினியர் நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தார். ஏழாவது கடிதத்தில் நின்றார். சத்தமாகப் படித்தார். "பின்னறைத் தரை ஒரு அங்குலம் இறங்கிவிட்டது. சுவர் எப்போது சாயுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறோம்."

இன்ஜினியர் கடிதத்திலிருந்து நிமிர்ந்தார்.

"மத்ததெல்லாம் ரிப்பேர் செலவு. இது அப்படி இல்லை. தரை இறங்கியிருந்தா பாங்க் குடுக்காது. நான் எழுதவும் மாட்டேன்."

பல்லம்மா புருஷனைப் பார்த்தாள். வீட்டை வாங்க வேண்டாம் என்று மூன்று வாரம் ஒற்றைக் காலில் நின்ற மனுஷன். இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவர் நினைத்தது நடந்துவிடும். அவள் அதற்குத்தான் பயந்தாள். ஆனால் அவர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, நடுக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"மேடம், அது பொய். நான்தான் எழுதினேன். எல்லாமே பொய். அந்த ஒழுகல் இருக்கே, மூணாவது கடிதம், அது தண்ணி இல்லை. டீ."

"டீயா?"

"டீதான்."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரியும் தம்பி. ஓரத்துல பாருங்க."

ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் 'பொய்' என்று குறித்திருந்தது. முதல் கடிதத்தைத் தவிர. கீழே, 'வாடகை அப்படியே இருக்கட்டும்' என்று ஒரு வரி. லிஃப்டுக்காரருக்கு அசடு வழிந்தது. தரைக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

இன்ஜினியருக்கு இதிலெல்லாம் ஒரு சுவாரசியமும் இல்லை. "அன்னைக்கு உண்மைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இன்னைக்கு வீடு வேணும்னதும் பொய்ங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"இவரை நம்ப வேண்டாம்" என்றாள் பல்லம்மா. "என் மேசையை நம்புங்க. வாங்க."

பின்னறையில் தரை முழுக்கக் கனத்த ரப்பர் விரிப்பு, மாவு சிந்தினால் துடைக்க வசதியாக ஒட்டியிருந்தது. சுவரோரம் தரையிலிருந்து கூரைவரை அலமாரி. அதில் பதினொரு வருஷத்து மாவு வாய்கள், வரிசை வரிசையாக. ஜன்னலடியில் கல் பலகை போட்ட கனத்த மேசை.

"ரப்பர் தட்டுல மாவைத் தண்ணியாக் கரைச்சு ஊத்துவேன். அது தானா மட்டமாகிடும். மேசை ஒரு நூல் சாஞ்சாலும் அடிப்பாகம் ஒரு பக்கம் தடிச்சுப்போகும். அப்படிப் போனா கடிக்கறப்ப பல்லோட பல் சரியாச் சேராது, டாக்டர் என் முகத்துல விட்டெறிவார். ஒவ்வொண்ணுலயும் தேதி போட்டிருக்கேன். நீங்களே அளந்து பாருங்க."

அவள் கைக்கு வந்ததை எல்லாம் இறக்கி வைத்தாள். பத்து வருஷத்துக்கு முந்தையது, எட்டு, ஐந்து, போன மாதத்தது. "இது சாரோடது" என்று ஒன்றை நீட்டினாள். வாசலில் நின்ற வீட்டுக்காரர், தன்னுடைய பல்லில்லாத வாய் இன்னொருத்தர் கையில் திரும்பித் திரும்பி அளக்கப்படுவதைப் பார்த்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஜினியர் அளவுகோலை வைத்து அளந்தார். நாலு மூலையும் ஒரே தடிமன். இன்னொன்று, அதுவும். பிறகு ரசமட்டத்தைக் கல் பலகைமேல் வைத்தார். குமிழி நகர்ந்து, நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றது. ஒரு மயிரிழைதான். இன்ஜினியர் குனிந்து பார்த்தார். பல்லம்மாவும் குனிந்தாள்.

"சரி, இது பரவாயில்லை" என்றார் இன்ஜினியர். முதல் தடவையாக முகம் கொஞ்சம் இளகியது. "புகாருக்கு ஆதாரமில்லைன்னு எழுதிடறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். முன்னறைக்கு வாங்க."

எல்லோரும் முன்னறைக்குப் போனார்கள். பல்லம்மா மட்டும், இதோ வருகிறேன் என்று, மாவு வாய்களைத் திரும்ப அடுக்கினாள். இந்த ஜன்னல் இனி என்னுடையது, யாரும் கிளப்ப முடியாது என்று நினைத்துக்கொண்டாள். பழையதை வைக்கிற தட்டு அலமாரியின் அடியில், மேசையின் பின்கால் ஓரமாக இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளே தள்ளினாள்.

கண்ணுக்கு நேரே மேசைக்கால். அந்தக் காலடியில் ரோஜா நிறத்தில் ஒரு சின்ன அடுக்கு.

அது என்ன என்று அவளுக்கா தெரியாது. ஈறு வார்த்து மிஞ்சின கலவை கிண்ணத்தில் இறுகி வில்லையாகிவிடும். வார்த்த மாவு ஒரு பக்கம் தடிப்பதுபோலத் தெரிந்த அன்றைக்கு, அந்த வில்லையில் ஒன்றைத் தேய்த்துச் சீராக்கி, மேசைக் காலுக்கு அடியில் செருகிவிடுவாள். ஒரு நூல் தடிமன். செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். மூக்குக் கண்ணாடி சரிந்தால் விரலால் மேலே தள்ளுகிறோமே, அந்த மாதிரி. கை செய்த காரியத்தை மனசு ஒரு நாளும் கணக்கில் வைத்துக்கொண்டதில்லை.

எண்ணினாள். ஒன்பது.

எட்டு நூல் ஓர் அங்குலம்.

மேசை மட்டமாகத்தான் இருந்தது. மட்டமாக வைத்தது அவள். தரை பதினொரு வருஷமாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது, அவளும் ஒவ்வொரு வில்லையாக அதை மூடிக்கொண்டே வந்திருக்கிறாள். பதினொரு கடிதத்தில் மிகப் பெரிய பொய் என்று எதை நினைத்தார்களோ, அதுதான் உண்மையாக வந்து நிற்கிறது.

"என்னம்மா, கூப்பிடறாங்க" என்று லிஃப்டுக்காரர் வந்தார். அவள் மண்டியிட்டிருந்ததைப் பார்த்தார். அவள் பார்த்ததைப் பார்த்தார். மட்டம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அவர் பிழைப்பே அதுதான். கதவை லேசாகச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை?"

"ஒம்பது."

அவர் குனிந்து அந்த அடுக்கை விரலால் தடவிப் பார்த்தார். முன்னறையில் வீட்டுக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், இன்ஜினியர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"யாருக்கும் தெரியாது" என்றார் அவர், மெதுவாக. "அவங்க எழுதிட்டாங்க. போய்க் கையெழுத்துப் போடு. தரையைப் பின்னால பார்த்துக்கலாம்."

"நீங்களா சொல்றீங்க? வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டீங்களே."

"அது வேற. நீ மறுபடியும் மூட்டைக்கு நடுவுல உட்கார்ந்திருக்கறதை என்னால பார்க்க முடியாது."

அவளுக்கு அந்த மனுஷன்மேல் அப்போது வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. அதுவே பெரிய ஆபத்தாகவும் இருந்தது. ஏனென்றால் அவள் மனசும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. போடு கையெழுத்தை. ஒன்பது நூல்தானே. பதினொரு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே. இந்த ஜன்னலை விட்டால் இன்னொரு ஜன்னல் கிடைக்குமா?

"ரெண்டு பேரும் வர்றீங்களா? எனக்கு இன்னும் ரெண்டு வீடு பார்க்கணும்" என்று இன்ஜினியரின் குரல் கேட்டது.

பல்லம்மா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். படிவம் மேசைமேல் இருந்தது. அவள் பெயர் அச்சடித்திருந்தது, பெற்றவர்கள் வைத்த பெயர். அதன் நேரே ஒரு கோடு. பக்கத்தில் கடன் எத்தனை வருஷம் என்று போட்டிருந்தது. இருபது. பேனாவை எடுத்தாள். இருபது வருஷம், அந்த அறையில் மண்டியிட்டு, ஒவ்வொரு வில்லையாகச் செருகிக்கொண்டே இருக்கப்போகிற தன்னையே அவள் பார்த்தாள். இதுவரை தெரியாமல் செருகினாள். இனிமேல் தெரிந்துகொண்டே செருக வேண்டும்.

பேனாவை மூடிவைத்தாள்.

"மேடம், அந்த ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு ஒரு நிமிஷம் உள்ளே வாங்க. மேசையில வைக்காதீங்க. தரையில வைங்க."

ரப்பர் விரிப்பை லிஃப்டுக்காரர்தான் கிழித்து எடுத்தார். வெறும் தரையில் ரசமட்டத்தை வைத்ததும், குமிழி பிடித்து இழுத்ததுபோல ஒரே ஓட்டமாக ஓரத்துக்கு ஓடியது. அலமாரியை நகர்த்தினார்கள். சுவருக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி, முழு நீளத்துக்கும். இன்ஜினியர் டார்ச்சை அடித்துப் பார்த்தார். உள்ளே ஈரம் மினுங்கியது.

"பின்னால எங்கேயோ குழாய் உடைஞ்சு மண்ணை அரிச்சுக்கிட்டு இருக்கு. தோண்டினாத்தான் தெரியும்" என்றார். எழுதியிருந்த பக்கத்தைக் கிழித்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். "ஸாரிங்க. இதுக்குப் பாங்க் குடுக்காது. இந்த ரூமையும் நீங்க காலி பண்ணணும்."

வீட்டுக்காரர் இடைவெளியைப் பார்த்தபடியே நின்றார். அவருக்கும் இது அடிமடியில் கை வைத்த மாதிரிதான். குரல் உயர்ந்தது. "என்னம்மா இது. பதினோரு வருஷம் குடியிருக்கீங்க. தரை இறங்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

லிஃப்டுக்காரர் நிமிர்ந்தார்.

"எழுதினேனே சார்" என்றார்.

வீட்டுக்காரர் கோப்பைத் திறந்து ஏழாவது கடிதத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து, ஜன்னல் கட்டையில் வைத்து, ஓரத்தில் இருந்த அந்தப் பென்சில் வார்த்தையை அழித்தார். தேதிவாரியாகத் திரும்ப வைத்தார். பிறகு போனை எடுத்து, நாலு மணிக்கு வருவதாக இருந்தவரிடம், "இன்னைக்கு வராதீங்க. வீட்டுல ஒரு குறை இருக்கு, அது சரியாகட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அவர் வாயிலிருந்த பல் செட் அந்த மேசையில் வார்த்ததுதான். பல்லம்மாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. சாயங்கால வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மறுநாள் காலையில் ஒரு டாக்டருக்கு மேல்வரிசை ஒன்று போக வேண்டும். வீடு போனாலும் பல் போக வேண்டுமே. விரிப்பைக் கிழித்தபோது மேசை இடம் மாறிப்போயிருந்தது. லிஃப்டுக்காரர் தோளைக் கொடுத்து ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார். பல்லம்மா மண்டியிட்டு ஒன்பது வில்லைகளையும் அதே இடத்தில் வரிசையாக அடுக்கினாள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் பின்மூலைப் பக்கம் சேர்ந்தது. காலையில் பார்த்த அந்த மயிரிழை.

"இன்னும் ஒண்ணு வேணும்" என்றாள்.

நான் அப்போதே சொன்னேனே, வாடகை வீடு என்றால் ஒரு மாச நோட்டீஸ்தான் என்று அவர் ஆரம்பித்திருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் தேவலை. அவர் சொல்லாமல் மேசையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றதுதான் அவளை அழவைத்தது. அழுதுகொண்டே பழைய கிண்ணத்திலிருந்து ஒரு வில்லையைப் பெயர்த்து, தேய்த்து, செருகினாள். தண்ணீர் நடுவில் நின்றது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பேப்பர் எடுங்க" என்றாள். "சாருக்கு எழுதணும். ஒரு மாசத்துல காலி பண்றோம்னு போடுங்க. தரை விஷயத்தையும் ஒழுங்கா எழுதிடுங்க. அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்."

அவர் முன்னறை விளக்கடியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அதே மணிமணியான கையெழுத்து. பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு, உள்ளே பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவு இறங்கியிருக்குன்னு போட?"

"பத்து நூல்" என்றாள் பல்லம்மா.

பன்னிரண்டாவது கடிதத்தில் அவர் பத்து என்றே எழுதினார்.